மறு: டிமாண்ட் டிஸ்ட்ரக்ஷன் – தேவை அழிப்பு என்று வைக்கலாமா?

> தேவை அழிப்பு என்றே வைத்துவிடலாம், சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஐயா, வணக்கம். விலை ஏறியதால் ஒரு பொருளை வாங்குவது நின்றுபோவதைத்தான் ஆங்கிலத்தில் டிமாண்ட் டிஸ்ட்ரக்ஷன் என்கிறார்கள். அதற்குத் தேவை அழிப்பு சொல்லுக்குச் சொல் பொருந்துவதுதான் எனக்கு இடிக்கிறது. அழிப்பு என்றால் அழிக்கிறவர் ஒருவர் வேண்டும். இங்கே அப்படி யாருமில்லை. எரிவாயு விலை ஏறுகிறது, ஆலை வாங்குவதை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

அதோடு, விலை ஏறும்போது ஆலைகள் செய்வதை எல்லாம் ஆங்கிலச் செய்திகள் இந்த ஒரே சொல்லில் போட்டு மூடுகின்றன. குஜராத்தின் மோர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிலக்கரி வாயுவுக்குத் தடை போட்ட பிறகு இயற்கை எரிவாயுவுக்கு வந்த டைல்ஸ் ஆலைக்காரர்களில் பலர், 2022-இல் விலை எகிறியதும் புரொபேனுக்குத் தாவிவிட்டார்கள். எது மலிவோ அது. சூளை எரிந்துகொண்டுதான் இருக்கிறது, குழாயில் கேஸ் விற்றவருக்குத்தான் வியாபாரம் படுத்தது. இதற்கு எரிபொருள் மாற்றம் என்பதே போதும். கண்ணாடி ஆலையில் உலையை அணைக்கவே முடியாது, உருகிய கண்ணாடி உள்ளே இறுகினால் உலையே போச்சு, அதனால் அவர்கள் வாயைக் கட்டியாவது வாங்குவார்கள்.

உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியாவின் கதை வேறு. அங்கே இயற்கை எரிவாயு அடுப்புக்கு மட்டும் போவதில்லை, அதிலுள்ள மீத்தேனிலிருந்துதான் அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனையே எடுக்கிறார்கள், ஆகவே புரொபேனுக்குத் தாவுவது போல ஒரே நாளில் தாவ இடமில்லை. 2022-இல் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகும் நார்ட் ஸ்ட்ரீம் குழாயில் ரஷ்யா அனுப்பிய அளவு, குழாயின் முழுக் கொள்ளளவில் ஜூனில் 40 விழுக்காடாகி, ஜூலைக் கடைசியில் 20 ஆகி, ஆகஸ்ட் முடிவில் நின்றேபோனது. நெருக்கடிக்கு முன் மெகாவாட்-மணிக்கு 20 யூரோ போலக் கிடந்த ஐரோப்பியச் சந்தை விலை அந்த ஆகஸ்டில் 300-ஐத் தாண்டியது. உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சிலர் அம்மோனியாவை வெளியிலிருந்து வாங்கிச் சமாளித்தார்கள். இதுவரைக்கும் நுகர்வுக் குறைப்பு என்று சொல்லலாம், விலை இறங்கினால் மறுபடி ஓட்டுவார்கள்.

ஆனால் 2023 பிப்ரவரியில் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனம் லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக அறிவித்தது. (1913-இல் ஆலை அளவில் முதன்முதலாக அம்மோனியா செய்த ஓப்பாவ் இன்று அதே ஊரின் ஒரு பகுதி என்பதை நினைத்தால் என்னவோ போலிருக்கிறது.) இனி விலை பழைய இடத்துக்கே வந்தாலும் அந்த ஆலை ஒரு கன மீட்டர்கூட வாங்கப்போவதில்லை. எனக்குச் சொல் வேண்டியிருப்பது இதற்கு மட்டும்தான்.

தேவையிழப்பு என்று வைப்போமா? உயிரிழப்பு, பயிரிழப்பு மாதிரி. போனது போனதுதான்.

---

> தேவையிழப்பு என்று வைப்போமா?

அண்ணா, இலங்கையில் நாங்கள் பொருளியல் படித்தது டிமாண்டுக்குக் கேள்வி, சப்ளைக்கு நிரம்பல் என்றுதான். தேவை என்றால் எங்களுக்கு வெறும் அவசியம். ஆலையை மூடினாலும் வயலுக்கு உரம் தேவையாகத்தானே இருக்கிறது, அந்தத் தேவை எங்கே போனது? எனக்குக் கேள்வியிழப்பு என்பதுதான் சரியாகப் படுகிறது.

---

கேள்வியிழப்பு என்றால் எங்கள் ஊரில் காது டாக்டரிடம் போகச் சொல்வார்கள், தம்பி!

ஆனால் உரம் பற்றி நீங்கள் போட்ட கொக்கி சரியானது, நான் அதை யோசிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வாங்கும் விருப்பமும் சக்தியும் சேர்ந்தால்தான் தேவை, அந்தக் கணக்கில் என் சொல் நிற்கும். வெளியில் படிப்பவருக்கு அது தெரியாதே. எரிவாயுத் தேவையிழப்பு என்று எதன் தேவை என்பதை எப்போதும் சேர்த்தே எழுதினால் குழப்பம் பாதி தீரும். கலைச்சொல் பதிவில் கேள்வியிழப்பையும் இலங்கை வழக்கு என்று குறித்துப் போட்டுவிடுகிறேன். ஐயா என்ன சொல்கிறார் பார்ப்போம், அவர் இன்னும் அழிப்பை விட்டபாடில்லை.