சின்னப் பிள்ளைகளோடு தமிழில் பேசும் உளநல மருத்துவர் தேவை (கொழும்பு, வெள்ளவத்தை)

மகளுக்கு ஆறு வயது, முதலாம் ஆண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதிலிருந்து மாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. 2021 ஒக்டோபர் கடைசியில் ஆரம்பப் பிரிவைத் திறந்ததும் தொடங்கியது: காலையில் வயிற்றுவலி, சத்தி, பாடசாலை வாசலில் என் கையை விடாமல் அழுகை. லீவு நாளில் வலியே இல்லை. தோல் உரியுமட்டும் கை கழுவுகிறாள், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பதும் திரும்ப வந்துவிட்டது, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

குடும்ப வைத்தியர் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை, மனப்பதற்றம் என்றார். ஆசிரியையோடு பேசிப் பாதி நேரம் மட்டும் விட்டோம், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து அனுப்பினோம், சரிவரவில்லை. பார்த்த ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது, நான் இடையில் மொழிபெயர்த்தால் பிள்ளை வாயே திறக்கிறாள் இல்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இந்த வயதுப் பிள்ளைகளோடு தமிழிலேயே பேசக்கூடிய உளநல மருத்துவர் யாரையாவது தெரியுமா?