கேட்கமாட்டார் என்று நாமே முடிவு கட்டிவிடலாமா?

கேள்வி

என்னோடு ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவரிடம் நான் ஒருமுறைகூட ஆண்டவரைப் பற்றிப் பேசியதில்லை. ஜெபம், சபை என்று யார் பேச்செடுத்தாலும் கேலி செய்கிறவர் என்பதால், இவர் கேட்கிற ஆள் இல்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். அமைதியாகப் பேசும் மற்றவர்களுக்குப் புதிய ஏற்பாடு கொடுத்திருக்கிறேன். அவருடைய மேசையை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். சென்ற மாதம் அவருடைய தாயார் காலமானார். வேலைக்குத் திரும்பிய அன்று, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி வைக்காமல் என் அருகில் வந்து நின்று, "எல்லோருக்காகவும் ஜெபிக்கிறீர்களே, என்னை மட்டும் ஏன் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை?" என்றார். அன்றிலிருந்து என் மனம் அமைதியாக இல்லை. இந்த முன்முடிவை எப்படிக் களைவது?

பதில் 1

சகோதரரே, வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். அதைக் கொர்நேலியுவின் மனமாற்றம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் யூதரல்லாத அந்த ரோமப் படைத்தலைவர் ஏற்கெனவே ஜெபிக்கிறவராகவும் தருமம் செய்கிறவராகவும் இருந்தார், புறஜாதியாரைத் தீட்டென்று ஒதுக்கிப் பழகிய யூதரான அப்போஸ்தலர் பேதுருவின் மனத்தை அசைக்கத்தான், தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற அதே தரிசனம் மூன்று முறை வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்த பேதுரு உடனே பிரசங்கிக்கவில்லை. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்று தேவன் தமக்குக் காட்டியதை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, என்னை எதற்காக அழைத்தீர்கள் என்று கேட்டு, கொர்நேலியு சொல்லி முடித்த பிறகே சுவிசேஷத்தைத் தொடங்குகிறார். எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தருகே ஓடிய பிலிப்புவும், வாசிப்பது விளங்குகிறதா என்ற கேள்வியோடுதான் ஆரம்பித்தார்.

பதில் 2

நான் மறுபக்கத்திலிருந்து வந்தவள். விசுவாசத்துக்கு வருமுன் என்னிடம் பேசிய பலர், என் வாழ்க்கையில் என்ன குறை இருக்கும் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு வந்தார்கள். நான் சொல்லாத துக்கத்துக்கு ஆறுதலும் செய்யாத பாவத்துக்கு மன்னிப்பும் எனக்குக் கிடைத்தன. ஒரு மூத்த சகோதரி மட்டும், நான் எதை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்று கேட்டு, ஒரு மாலை முழுவதும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்ன சாட்சியை என்னால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

பதில் 3

ஒரு சந்தேகம். பன்றிகள் முன் முத்துக்களைப் போடாதிருங்கள் என்று ஆண்டவரே மத்தேயு 7இல் எச்சரித்திருக்கிறாரே? ஆளைப் பகுத்தறிவது தேவையில்லையா?

பதில் 4

தேவைதான், ஐயா. ஆனால் அதே அதிகாரம், குற்றவாளி என்று தீர்க்காதிருங்கள் என்றுதான் தொடங்குகிறது. கால்களின் தூசியை உதறிவிடும்படி மத்தேயு 10இல் சொல்லப்பட்டதும், வார்த்தையைக் கேட்க மறுத்தவர்களைக் குறித்தே. கேட்க வாய்ப்பே பெறாதவர்களைக் குறித்து அல்ல. விதைக்கிறவன் உவமையிலும் வழியோரத்தில், கற்பாறையில், முள்ளுள்ள இடத்தில் எல்லாம் தேவ வார்த்தையாகிய விதை விழுகிறது. யோவான் 4ஐயும் பாருங்கள். சீஷர்கள், யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியரின் ஊருக்குள் சென்று உணவு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள், அவ்வளவுதான். அந்த ஊராரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்தவள் கிணற்றடியில் அவர் பேசிய பெண். ஐந்து புருஷர்கள் இருந்தது ஏன், மரணமா, தள்ளுதலா என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும் நம் பிரசங்கங்களில் அவளுக்கு எத்தனை பெயர் சூட்டிவிடுகிறோம்! இது எனக்கு வெகுநாளாக உள்ள வேதனை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் தாயாரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். நான் எதையும் பிரசங்கிக்கவில்லை. எழுந்து போகும்போது, நாளை உங்கள் விசுவாசத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்று அவரே சொன்னார்.