மறு: கதைக்குள் வேண்டுமென்றே வைத்த காலப்பிழை, தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. தொடங்கிய நண்பர் கேட்டது இரண்டு சொற்கள்: ஒரு கதையை வேறொரு காலத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்வதற்கு ஒன்று, கதைக்குள் வேண்டுமென்றே வைத்த காலப்பிழைக்கு ஒன்று. நாம் முதல் சொல்லிலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதுதான் கடினம், சுவையானதும் அதுதான். முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

என் உதாரணங்கள் பெரும்பாலும் ‘ஷெர்லாக்’ தொடரிலிருந்து. அதைப் பார்க்காத உறுப்பினர்களுக்காகச் சில வரிகள். கதையின் முடிச்சு அவிழும், மன்னிக்கவும். கோனன் டாயிலின் விக்டோரியா காலத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசி தொடர் அது. 2010இல் தொடங்கியது. தந்தி இருந்த இடத்தில் செல்பேசி, அவர் நண்பர் ஜான் வாட்சன் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் எழுதிய இடத்தில் வலைப்பதிவு. 2016 ஜனவரி 1 அன்று ஒரே ஒரு சிறப்பு அத்தியாயம், ‘தி அபாமினபிள் பிரைடு’. அதில் அதே நடிகர்கள், ஹோம்ஸின் அதே 221பி வீடு, ஆனால் ஆண்டு 1895. திருமண உடையில் தெருவைப் பார்த்துச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட பெண், அன்றே திரும்ப வந்து கணவனைக் கொல்கிறாள். இதுதான் வழக்கு.

> ‘காலப்பெயர்ச்சி’ என்று வைத்துக்கொள்வோமே. காதுக்கு ஏற்கெனவே பழகிய ஓசை.

பழகிய ஓசைதான் சிக்கல். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி வரிசையில் இதுவும் போய் நின்றால் எந்த ராசிக்கு நல்லது என்று கேட்பார்கள். விளையாட்டு போகட்டும். பெயர்தல் தானாக நடப்பது, பெயர்த்தல் ஒருவர் செய்வது. கோள் தானே நகர்கிறது, அதனால் பெயர்ச்சி. மொழியை ஒருவர் உட்கார்ந்து பெயர்க்கிறார், அதனால் மொழிபெயர்ப்பு. ஷெர்லாக் 1895க்குத் தானாக நகரவில்லை. தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் எழுதிப் பெயர்த்தார்கள். ஆகவே ‘காலப்பெயர்ப்பு’. கோவை நண்பர் முன்மொழிந்த ‘காலமாற்று’ தவறில்லை, ஆனால் மாற்று அறுவை, மாற்று வழி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

மொழிபெயர்ப்போடு ஒப்பிடுவது இங்கே இன்னொரு விதத்திலும் உதவும். ஆங்கிலக் கதையைத் தமிழாக்கி, அந்தத் தமிழை மட்டும் வைத்து மறுபடி ஆங்கிலமாக்கினால் மூலம் திரும்பக் கிடைக்காது. தமிழாக்கியவர் சேர்த்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த அத்தியாயத்தில் நடப்பது அச்சாக அதுதான். பிணவறை மருத்துவர் மோலி ஹூப்பர் டாயில் கதைகளில் கிடையாது, தொடருக்காக உருவாக்கியவர். 1895க்கு அவரும் வந்துவிடுகிறார், ஆண் வேடத்தில், மீசையோடு. ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் நேர் எதிர். தொடரில் ஒல்லியாக இருந்தவர் இங்கே நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். டாயில் 1893இல் எழுதியதும் பருத்த மைக்ராஃப்டைத்தான். ஒருவர் மூலத்துக்கு நெருங்குகிறார், ஒருவர் பெயர்ப்பின் தடமாக நிற்கிறார். காவல்துறை ஆய்வாளர் லெஸ்ட்ரேட் கொலையை விவரிக்கும்போது 221பியின் நாற்காலிகள் அப்படியே கொலை நடந்த தெருவின் நடுவே வந்து நிற்கும், ஹோம்ஸ் உட்கார்ந்தபடி கேட்பார். அதுவும் நவீனத் தொடரின் கைப்பழக்கம், உடையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இத்தகைய இரட்டைப் பயணத்துக்கு ‘மறுபெயர்ப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் சொல் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி இரண்டாவது. அனாக்ரோனிசம், அதாவது ஒரு காலத்துக்குப் பொருந்தாத ஒன்று அதற்குள் வந்து நிற்பது. இதற்கு ‘காலமுரண்’, ‘காலப்பிழை’, ‘காலவழு’ மூன்றும் இழையில் வந்துவிட்டன. மூன்றும் பிழைக்குப் பெயர். 1940இல் நடக்கும் படத்தில் ஓட்டுக்கூரைக்குப் பின்னால் டிஷ் ஆன்டெனா தெரிந்தால் அது காலவழு. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் புரூட்டஸ் மணியடிப்பதை எண்ணச் சொல்கிறான். மணியடிக்கும் கடிகாரம் பண்டை ரோமில் ஏது? அதுவும் காலவழு. எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வழு வழுதான்.

ஆனால் நண்பர் கேட்டது அதையல்ல. அவர் கேட்டது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதற்கு ஒரு சிறு சம்பவம்.

வசனவரி (சப்டைட்டில்) எழுதுவது என் தொழில் என்பதால் எதைப் பார்த்தாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் கெட்ட வழக்கம் எனக்கு உண்டு. அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கும் அது தொற்றிவிட்டது. இந்த அத்தியாயத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மைக்ராஃப்ட், ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியைப் பற்றிப் பேசும்போது, ‘தரவுக்குள் புகுந்த வைரஸ்’ என்ற பொருளில் ஒன்று சொல்கிறார். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“சித்தப்பா, 1895ல ஏது டேட்டால வைரஸ்? தப்பு பண்ணிட்டாங்க.”

எனக்கு அவளைவிட அதிக மகிழ்ச்சி. பெரிய தொடரில் ஓட்டை கண்டுபிடித்த திருப்தி. வைரஸ், டேட்டா இரண்டுமே பழைய சொற்கள்தாம், ஆனால் இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பேச கணினி வந்திருக்க வேண்டும் என்று ஒரு குட்டிப் பிரசங்கம் வேறு செய்தேன். அதற்குச் சற்று முன்புதான் கொலையுண்ட சர் யூஸ்டஸ் கார்மைக்கேலின் உடலில் குத்தியிருந்த கத்தியில் ஒரு சீட்டு தொங்கியது. ‘மிஸ் மீ?’ என்று இரண்டே சொற்கள். நவீனத் தொடரின் மோரியார்ட்டி கேட்ட கேள்வி அது. அதைத் தொடரின் ரசிகர்களுக்குக் கண்ணடிக்கும் வேலை என்று நினைத்து நான் தாண்டிப்போயிருந்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் போனதும் காட்சி சட்டென்று ஒரு விமானத்துக்குள் தாவுகிறது. நாடு கடத்தப்பட்டு, பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் திருப்பி அழைக்கப்பட்ட இன்றைய ஷெர்லாக், போதைமருந்து ஏற்றிக்கொண்டு தன் மனத்துக்குள் கட்டிய ஊர்தான் அந்த 1895. தலையில் சுட்டுக்கொண்ட மோரியார்ட்டி எப்படி உயிரோடு இருக்க முடியும் என்று கண்டுபிடிக்க, அதேபோல் சுட்டுக்கொண்டு திரும்பி வந்த மணப்பெண்ணின் பழைய வழக்கை அவன் மனத்துக்குள் நடத்திப் பார்க்கிறான். அந்த ஊருக்குள் அவனுடைய நிகழ்காலம் கசிகிறது. அந்தக் கசிவுதான் சீட்டும் வைரஸும்.

“அப்போ தப்பில்ல. க்ளூ.” ரிமோட்டை அவள் திருப்பித் தந்த விதத்தில் என் பிரசங்கத்துக்கான பதிலும் இருந்தது.

ஆக, கசிவும் ஓட்டையும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. பார்க்கிறவர் முதலில் வழு என்று எண்ண வேண்டும், பிறகு இல்லை என்று தெரிய வேண்டும். வழு என்ற எண்ணமே வராவிட்டால் துப்பு வேலை செய்யாது. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லுக்குள் ‘வழு’ இருந்தே ஆக வேண்டும், அது மன்னிக்கப்பட்டதும் தெரிய வேண்டும்.

இப்படி ஒரு சொல் பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். வழாநிலை, வழு, வழுவமைதி. பிழை போலத் தெரிந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவை “என் அம்மை வந்தாள்” என்பது திணை வழுவமைதி என்று மனப்பாடம் செய்தோம். காலத்துக்கும் நன்னூலில் இது உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் மாறி வரலாம், பொருந்துகிற இடத்தில். “இதோ வந்துட்டேன்” என்று குளியலறைக்குள் இருந்து நாம் தினமும் சொல்வது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைப் பார்த்து, இன்னும் பெய்யாத மழையைப் ‘பெய்தது’ என்பது தெளிவு.

என் முன்மொழிவு ‘காலவழுவமைதி’. கதைக்குள்ளேயே காரணம் இருந்தால் காலவழுவமைதி, இல்லையென்றால் வெறும் காலவழு.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். இரண்டு வந்தே விட்டன.

> நன்னூல் பேசுவது வினைச்சொல் காட்டும் காலத்தை. நீங்கள் பேசுவது நூற்றாண்டை. இலக்கணச் சொல்லை இப்படி இழுத்தால் மாணவர் குழம்புவர்.

ஐயா சொல்வது நியாயமே. ஆனால் ‘பகுதி’ என்ற இலக்கணச் சொல் பின்னத்தில் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கணக்கு வகுப்பில் யாரும் அதைப் பகுபத உறுப்பு என்று எண்ணிக் குழம்பியதில்லை. துறை மாறினால் பொருள் மாறும் என்பது மாணவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தவிர, இந்த அத்தியாயத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். 1895இன் ஹோம்ஸ் வாட்சனிடம் பறக்கும் ஊர்தியையும் கையடக்கத் தொலைபேசியையும் கண்ணால் கண்டவர்போல் விவரித்துவிட்டு, தான் எப்போதும் தன் காலத்துக்கு வெளியே நிற்கும் ஆள் என்கிறார். சன்னலுக்கு வெளியே இன்றைய பேக்கர் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது. வராததை வந்ததாகப் பேசும் இந்தத் தெளிவும் முட்டை தூக்கும் எறும்பைப் பார்த்தவனின் தெளிவும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. வினைச்சொல்லுக்குச் செய்த சட்டை கதைக்கும் அளவாக இருந்தால் ஏன் கழற்ற வேண்டும்?

> ரொம்ப நீளம். யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள் அம்மா. காலவழுவமைதி ஏழு எழுத்து. அனாக்ரோனிசமும் ஏழு எழுத்துதான்.

சரி, நானே என் சொல்லை ஒரு சங்கடமான இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். அத்தியாயத்தின் தொடக்கத்தில் வாட்சன் வண்டியை நிறுத்தி, தெருவில் பத்திரிகை விற்பவரிடம் ‘புளூ கார்பங்கிள்’ கதை எப்படிப் போகிறது என்று கேட்கிறார். நன்றாகப் போகிறதாம். உண்மையான லண்டனில் அந்தக் கதை வெளிவந்தது 1892 ஜனவரியில். 1895இல் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் ஹோம்ஸ் கதையே கிடையாது. 1893 டிசம்பரில் டாயில் அவரை ரைக்கன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்துவிட்டிருந்தார், 1901 வரை அந்தப் பத்திரிகையில் ஹோம்ஸ் திரும்பவில்லை. அப்படியானால் இது வழுவா, அமைதியா? தொடரின் ரசிகர் அமைதி என்பார், பத்திரிகை வரலாறு எழுதுகிறவர் வழு என்பார். அந்த 1895 ஷெர்லாக்கின் தலைக்குள் கட்டிய ஊர் என்பதால் நான் அமைதி பக்கம் சாய்கிறேன். ஆனால் காட்சி எனக்கு அப்படி எந்தக் குறிப்பும் தரவில்லை, நானாகத்தான் காரணம் தேடிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே விளக்கத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: காரணத்தைக் கதையே எங்காவது காட்டித் தர வேண்டும். இந்த நிபந்தனைப்படி பத்திரிகைக் கடை வழுவாகிவிடுகிறது. போகட்டும்.

இன்னொரு உதாரணம் நிபந்தனையில் எளிதாகத் தேறும். 1895இல் இருவரும் ஒருவரையொருவர் ஹோம்ஸ், வாட்சன் என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள், அன்றைய கனவான்களின் வழக்கம். ரைக்கன்பாக் அருவிக்கரையில் மட்டும் ஹோம்ஸ் அவரை ஜான் என்று கூப்பிட, எப்போதிருந்து இப்படி என்று வாட்சன் கேட்கிறார், பதிலுக்கு ஷெர்லாக் என்கிறார். இன்றைய ஷெர்லாக்கும் ஜானும் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள். வெறும் விளிச்சொல் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் வசனவரி எழுதும்போது இதை என்ன செய்வது? நானாக இருந்தால் 1895 முழுக்க ‘நீங்கள்’ போட்டுவிட்டு, அருவிக்கரையில் மட்டும் ‘நீ’ என்று இறங்குவேன். ஆங்கிலத்தில் பெயர் செய்த வேலையை நம்மிடம் முன்னிலை செய்யும்.

வாக்கியச் சோதனைக்கு இரண்டு தருகிறேன். “தரவு, வைரஸ் என்று மைக்ராஃப்ட் பேசுவது காலவழுவமைதி, கனவு காண்பவன் யார் என்பதற்கான துப்பு.” “போர்க்களக் காட்சியில் வீரனின் கையில் கடிகாரத் தழும்பு தெரிவது காலவழு, அமைதி சொல்ல வழியில்லை.” இரண்டும் தட்டாமல் ஓடுகின்றன என்று நினைக்கிறேன். நீங்களும் ஆளுக்கொன்று எழுதிப் போடுங்கள். இடறினால் சொல்லுங்கள், ஞாயிறு வரை பார்த்துவிட்டு விக்சனரியில் ஏற்றலாம்.

பி.கு.: வாட்சன் எழுதும் கதைகளில் தனக்கு வசனமே இல்லை என்று திருமதி ஹட்சன் சண்டை பிடிப்பதும், படம் வரைபவர் வரைந்துவிட்டார் என்பதற்காக வாட்சன் மீசை வளர்த்ததும் காலவழுவில் சேராது. அங்கே குழம்புவது காலமல்ல, கதைக்கும் கதையில் வருபவருக்கும் இடையில் உள்ள வேலி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தயவுசெய்து இங்கே மறுமொழி போட வேண்டாம், போன முறை போல இரண்டும் கலந்துவிடும்.