கடையில அசல் எக்ஸ்ட்ரா வேர்ஜின் ஒலிவ் எண்ணெயைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

உப்புவெளி வாசகி:
திருகோணமலையில சுப்பர்மார்க்கெட்டிலயும் பாமசியிலயும் ஒலிவ் எண்ணெய் பல விலையில கிடக்கு. அப்பாவுக்கு சலாட்டில ஊத்திக் குடுக்க எக்ஸ்ட்ரா வேர்ஜின், அதாவது சுத்திகரிக்காமப் பிழிஞ்செடுத்த உயர்தர எண்ணெய், வேணும். பிரிட்ஜில வைச்சு உறைஞ்சா அசல் எண்டு சொல்லினம், சரியோ?

கடலோரம்:
அந்தச் சோதனையை விட்டிடுங்கோ. சுத்திகரிச்ச ஒலிவ் எண்ணெயும் உறையும். அசல் சிலது உறையாமலே கிடக்கும். நிறமும் சாட்சி இல்லை. ருசி பார்க்கிற நிபுணர்கள் நிறம் தெரியக்கூடாதெண்டே நீலக் கண்ணாடிக் குவளையில ஊத்திப் பார்ப்பினம்.

போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கோ. "ப்யூர்", "லைற்" எண்டிருந்தா சுத்திகரிச்ச எண்ணெயில கொஞ்சம் வேர்ஜின் கலந்தது. லைற்றில கொழுப்புக் குறையாது, மணம்தான் குறையும். "பொமஸ்" எண்டா, பிழிஞ்ச சக்கையில மிஞ்சினதைக் கரைப்பான் ஊத்தி எடுத்துச் சுத்திகரிச்சது. "இத்தாலியில் அடைக்கப்பட்டது" எண்டா அடைச்ச இடம் மட்டும்தான். காய் வேற நாட்டில விளைஞ்சிருக்கலாம். அறுவடைத் திகதி போட்ட போத்தலைத் தேடுங்கோ. காலாவதித் திகதி பெரும்பாலும் அடைச்ச நாளில இருந்து எண்ணினது, அதுக்கு முதல் தாங்கியில எவ்வளவு காலம் கிடந்ததெண்டு அது சொல்லாது.

நிலாவெளி:
அமிலத்தன்மை, அதாவது எண்ணெயில பிரிஞ்சு கிடக்கிற கொழுப்பமிலம், 0.8 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்தானே?

கடலோரம்:
போதாது. எக்ஸ்ட்ரா வேர்ஜினுக்கு 0.8 உச்ச வரம்பு, உண்மை. ஆனா சுத்திகரிச்ச எண்ணெய்க்கு வரம்பு அதைவிடக் குறைவு, 0.3. காரம் (அல்கலி) போட்டு அமிலத்தை எடுத்திடுவினம். அதனால சின்ன இலக்கத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த அமிலம் நாக்குக்கும் தெரியாது, ஆய்வுகூடத்திலதான் அளக்கலாம்.

உப்புவெளி வாசகி:
ஒண்டு வாங்கினன். கசக்குது, தொண்டையும் எரியுது. பழுதோ?

சமையற்கட்டு:
இல்லை அக்கா, அது நல்ல அறிகுறி. கசப்பும் மிளகு மாதிரித் தொண்டையில பிடிக்கிற உறைப்பும் புது எண்ணெயின்ட குணம். உறைப்புக்குக் காரணம் ஒலியோகாந்தல் எண்ட சேர்மம். சுத்திகரிச்சா அது போயிடும்.

சரியாப் பார்க்க, சின்னக் கிளாசில ஒரு மேசைக்கரண்டி ஊத்தி, மேல கையால மூடிச் சுழட்டி மணந்து பாருங்கோ. முறைப்படி எண்ணெய் 28 பாகை செல்சியஸில இருக்கவேணும், எங்கட ஊரில சூடாக்கவே தேவையில்லை. பச்சைப் புல்லு, தக்காளி இலை மணம் வந்தா நல்லது. பழைய கச்சான் மாதிரிச் சிக்கு வாடையோ, வினாகிரி வாடையோ அடிச்சா, லேபிளில என்ன இருந்தாலும் அது எக்ஸ்ட்ரா வேர்ஜின் தரத்தில இல்லை. மணமே இல்லாட்டி சுத்திகரிச்ச கலப்பெண்டு சந்தேகப்படுங்கோ.

இந்த வெக்கைக்கு 250 மில்லிலீற்றர் கறுத்தப் போத்தலே காணும். கடை வாசலில வெயில் படுற தட்டில இருக்கிறதை எடுக்காதேங்கோ. திறந்தா அடுப்புக்குத் தள்ளி வைச்சு ரெண்டு மாசத்துக்குள்ள முடியுங்கோ. பாமசிப் போத்தலில "பூச்சுக்கு மட்டும்" எண்டிருந்தா சாப்பாட்டுக்கு வேண்டாம்.