உதவி: சாட்டிலைட் ரேடியோ வண்டியில் எடுக்கவில்லை. ஆன்டெனா வாங்கவா, பாட்டு பிளேயரே போதுமா?

அம்பை டிராவல்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், காலையில் சவாரி இருக்கிறது. அத்தான் ஊருக்கு வந்தபோது காரில் மாட்டுகிற ரேடியோ பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். சாட்டிலைட்டிலிருந்து நேராக எடுக்கும், நூற்றுக்கும் மேல் சேனல், பாட்டுக்கு நடுவே விளம்பரம் கிடையாது என்றார். வண்டியில் மாட்டியாயிற்று. லைட் எரிகிறது, ஆனால் சிக்னல் தேடுகிறது என்று காட்டிக்கொண்டே நிற்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். பெரிய ஆன்டெனா போட்டால் எடுக்கும் என்று சொல்லி ரேட்டும் பேசிவிட்டார்கள். என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்ன பிளேயர் இருக்கிறது, அதில் இரைச்சல் வருகிறது. ஆன்டெனாவுக்குப் பணம் போடலாமா, இல்லை நல்ல பிளேயராக வாங்கிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
என்ன வண்டி? உள்ளே என்ன செட்? பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் போட்டிருக்கிறது? பிளேயரை செட்டுக்கு எதில் கொடுத்திருக்கிறீர்கள், ஆக்ஸ் வயரிலா (ஹெட்ஃபோன் முனை மாதிரி சொருகுவது), யுஎஸ்பியிலா, புளூடூத்திலா? இரைச்சல் என்று சொன்னால் போதாது. மழை பெய்கிற மாதிரி சர்ரென்று வருகிறதா, விசில் மாதிரி வருகிறதா?

தென்காசி சாரல்:
அண்ணாச்சி, எந்த ரூட்டில் ஓட்டுகிறீர்கள்? அதைச் சொல்லாமல் ரேடியோவா பிளேயரா என்று எப்படிச் சொல்வது? ஃபோனிலேயே கேட்டால் என்ன?

மொட்டைமாடி ஏரியல்:
கடைக்காரர் சொன்னது சரி. ஆன்டெனாதான் பிரச்சினை. வண்டிக்குள் வைத்தால் எந்த சாட்டிலைட்டும் எடுக்காது. காந்தம் வைத்த ஆன்டெனாவாக வாங்கி, கூரைக்கு நடுவில் ஒட்டுங்கள். வயரை மடக்கிச் சுருட்டி வைக்காதீர்கள். நான் இத்தனை வீட்டுக்கு டிஷ் மாட்டியிருக்கிறேன், திசை ஒரு விரல் அளவு மாறினாலே படம் போய்விடும். வண்டியை மேடான, மரமில்லாத இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்டிப்பாக வரும்.

அம்பை டிராவல்ஸ்:
வண்டி டவேரா. செட், வண்டி வாங்கும்போதே உள்ளே இருந்தது. ஃபோன் சரிப்படாது, சவாரிக்கு ஆள் கூப்பிடுவதும் மேப்பும் அதில்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் பாட்டு அறுந்தால் பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். ரூட் எல்லாப் பக்கமும்தான். குற்றாலம், திருச்செந்தூர், பாபநாசம், காரையாறு.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
பெட்டி என்ன கம்பெனி என்று இன்னும் சொல்லவில்லை. அத்தான் எந்த நாட்டில் இருக்கிறார்?

அலைவரிசை ஆசான்:
இந்தக் கேள்விக்கு இங்கே பழைய இழைகளில் பதில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. பெட்டியைத் திருப்பி அதன் பெயரைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் ஆகுமா? அத்தான் அமெரிக்காவிலோ கனடாவிலோதான் இருப்பார், பெட்டி சிரியஸ் எக்ஸ்எம்மாகத்தான் இருக்கும். காருக்கென்று சந்தா கட்டிக் கேட்கிற சாட்டிலைட் ரேடியோ என்றால் அதுதான்.

அது இங்கே வேலை செய்யாது. ஆன்டெனா பெரிதானாலும் செய்யாது. எக்ஸ்எம் 2001லும் சிரியஸ் 2002லும் சேவையைத் தொடங்கின, 2008ல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. எக்ஸ்எம் சாட்டிலைட்டுகள் மேற்கு 85 பாகையிலும் 115 பாகையிலும் பூமத்தியரேகைக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. திருநெல்வேலி இருப்பது கிழக்கு 77.7 பாகையில். அதாவது அவை நமக்குப் பூமியின் மறுபக்கத்தில் இருக்கின்றன. நடுவே பூமியே நிற்கும்போது கூரையில் காந்தம் ஒட்டி என்ன பயன்? தெரியாதவர்கள் தெரிந்ததுபோல் ஆலோசனை சொல்லி ஒரு டிரைவரின் பணத்தைப் பாழாக்க வேண்டாம்.

மொட்டைமாடி ஏரியல்:
ஆசான் அவர்களே, மரியாதையாகப் பேசினால் நல்லது. சாட்டிலைட் ரேடியோ நம் ஊரில் எடுக்கவே எடுக்காது என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். வேர்ல்டுஸ்பேஸ் என்று ஒன்று இருந்ததே, பாளையங்கோட்டையில் வீட்டு வீடாகக் கேட்டார்களே, அது எங்கிருந்து வந்தது?

பாளை பாட்டுப்பிரியை:
எங்கள் வீட்டிலும் இருந்தது. கேஎல் ரேடியோ என்று தமிழுக்கே தனிச் சேனல். சின்னத் தட்டையான ஆன்டெனாவைக் கிழக்குப் பக்க ஜன்னலில் வைத்து, பெட்டியில் சிக்னல் கோடு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்புவோம். சரியாக நின்றுவிட்டால் கொரகொரப்பே இல்லாமல் அவ்வளவு தெளிவாக வரும். ஏ.ஆர். ரஹ்மான்தான் அதற்கு விளம்பரத் தூதர், அடையாள இசையும் அவர் போட்டது. நின்றபோது மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

அலைவரிசை ஆசான்:
அது ஏசியாஸ்டார் சாட்டிலைட். 2000 மார்ச்சில் ஏவினார்கள், கிழக்கு 105 பாகையில் நின்றது. அதனால்தான் அக்காவுக்குக் கிழக்கு ஜன்னல். தாய்க் கம்பெனி 2008ல் திவால் மனு கொடுத்தது, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் சேவை நின்றுபோனது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் நகரும் காருக்கு ஒத்துவராது. ஆன்டெனா ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் கட்டட மறைவுக்காக நகரங்களில் தரையிலேயே துணை டிரான்ஸ்மிட்டர்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே நகருக்குள்ளும் காரில் ஓடுகிறது. இங்கே அந்த ஏற்பாடு வரவே இல்லை. இன்றைக்கு இந்தியாவில் காருக்கு சாட்டிலைட் ரேடியோ என்று எதுவும் கிடையாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வானொலிச் சேனல்கள் வருகின்றன, ஆனால் அதற்கு வீட்டு மாடியில் அசையாத டிஷ் வேண்டும்.

கடையநல்லூர் காதுகள்:
சாட்டிலைட் விஷயம் முடிந்தது, அடுத்ததுக்கு வாருங்கள். பென் டிரைவ் போதும் அண்ணாச்சி. 32 ஜிபி ஒன்று வாங்கி, ஃபேட் 32 என்கிற முறையில் ஃபார்மட் செய்து எம்பி3 பாட்டாகப் போடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் போட்டால் 500 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்கிற வேறு முறையில் வரும், பழைய செட் அதைப் படிக்காது. அப்புறம் செட் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். இன்னொன்று, பல செட்டுகள் அகர வரிசையில் பாடாது, எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அந்த வரிசையில்தான் பாடும். ஃபோல்டர் ஃபோல்டராக, வேண்டிய வரிசையிலேயே ஏற்றுங்கள்.

நெல்லை வானொலி நேயர்:
எல்லோரும் பென் டிரைவ் பென் டிரைவ் என்கிறீர்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் ஒரு ரசனையா? திருநெல்வேலி வானொலியை மீடியம் வேவில், 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தவன் நான். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருந்து கேட்கிற பாட்டுக்கு இருக்கிற ருசி, நாமே அடுக்கி வைத்த பாட்டுக்குக் கிடையாது. செய்தி வரும், விவசாய நிகழ்ச்சி வரும், மழை எச்சரிக்கை வரும். ராத்திரி தனியாக ஓட்டும்போது மனுஷக் குரல் ஒன்று கூடவே வரும். டிரைவருக்கு அது எவ்வளவு பெரிய துணை!

கடையநல்லூர் காதுகள்:
துணை எதுவரைக்கும்? இப்போது காரில் பெரும்பாலும் கேட்பது எஃப்எம், அது நேர்க்கோட்டில் போகிற அலை. மலை மறைத்தால் போச்சு. பாபநாசம் தாண்டி ஏறும்போது கொரகொரப்பு, செங்கோட்டை தாண்டினால் மலையாளம், திருச்செந்தூர்க் கரையில் சில நேரம் இலங்கை ஸ்டேஷன் உள்ளே புகுந்துவிடும். வண்டிக்குள் எட்டுப் பேர் இருக்கும்போது டிரைவர் ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தால் ரோட்டை யார் பார்ப்பது?

நெல்லை வானொலி நேயர்:
கடல் தாண்டி வருகிற குரலைக் கேட்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? எங்கள் அப்பா காலத்தில் இலங்கை வானொலிக்காகத்தான் தெற்குக் கரையோரம் முழுக்க ரேடியோ வாங்கினார்கள். அதைப் போய்த் தொந்தரவு என்கிறீர்கள்.

தென்காசி சாரல்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி இது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வில்லுப்பாட்டு கேட்பார்கள். சுடலை மாடன் கதையை முழுதாகப் போடுகிற சேனல் எந்த சாட்டிலைட்டில் இருக்கிறது? அத்தானின் பெட்டி இங்கே ஓடினாலும் அது கிடைக்காது. கொடை விழாவில் பதிவு செய்ததை ஊர் ஊராகக் கேட்டு வாங்கி நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும். சொந்தமாகப் பாட்டு வைத்திருப்பதன் அருமை அதுதான். அப்புறம் ஒரு வேண்டுகோள் அண்ணாச்சி, பாபநாசம் செக்போஸ்ட் தாண்டினால் பாட்டை அணைத்துவிடுங்கள். அது புலிகள் காப்பகம், அங்கே எந்தச் சத்தமும் வேண்டாம்.

மொட்டைமாடி ஏரியல்:
128 கேபிபிஎஸ்ஸா? அதில் தவில், உடுக்கை எல்லாம் தகரம் தட்டுகிற மாதிரி கேட்குமே. 320 போடச் சொல்லுங்கள்.

கடையநல்லூர் காதுகள்:
டீசல் வண்டி, ஏசி சத்தம், பின்னால் குழந்தைகள். இதற்குள் 128க்கும் 320க்கும் யார் வித்தியாசம் கண்டுபிடிப்பது? 320 போட்டால் 220 மணி நேரம்தான் பிடிக்கும்.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
அண்ணாச்சி கேட்ட இரைச்சலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் நானே ஊகித்து எழுதுகிறேன். பிளேயரை ஆக்ஸ் வயரில் செட்டுக்குக் கொடுத்து, அதே நேரத்தில் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போட்டிருப்பார். என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

பார்க்கிற விதம்: இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிப் பாட்டைப் போடுங்கள். இரைச்சல் இல்லையென்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். மிதிக்க மிதிக்க விசில் மேலே ஏறினால் அது டைனமோ சத்தம். இப்போது சார்ஜர் வயரை மட்டும் பிடுங்குங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் பிளேயரும் நல்லது, செட்டும் நல்லது. பிளேயருக்கு லைட்டர் சாக்கெட் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், டைனமோவின் துடிப்பு அதில் ஏறி ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது.

இதற்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும். ஆக்ஸ் வயருக்கு நடுவே சொருகினால் எர்த் இணைப்பு அறுந்துவிடும், பாட்டு மட்டும் கடக்கும். ரொம்ப மலிவானது பேஸைக் கொஞ்சம் குறைக்கும், அதனால் கடையிலேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள். அது வாங்கும்வரை ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பகலில் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தத்தைப் பிளேயரில் முக்கால் அளவுக்கு ஏற்றி, செட்டில் குறைத்து வையுங்கள். செட்டில் யுஎஸ்பி இருந்தால் கடையநல்லூர்த் தம்பி சொன்னது இன்னும் நல்லது. யுஎஸ்பியில் பாட்டு எண்களாகப் போவதால் இந்த விசில் ஏற வழியில்லை.

முக்கியமாக, பிளேயரை டாஷ்போர்டில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினால் உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி உப்பிவிடும். பென் டிரைவுக்கு அந்தப் பயம் இல்லை.

பாளை பாட்டுப்பிரியை:
பிளேயர் பாட்டை வண்டி ரேடியோவுக்கு எஃப்எம் அலையாக அனுப்புகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போட்டால் வயரே வேண்டாம் என்கிறார்களே?

வண்ணார்பேட்டை வயர்மேன்:
ஒரே ஊருக்குள் ஓடினால் சரி அக்கா. டவுனில் காலியாக இருக்கிற அலைவரிசை அடுத்த ஊரில் ஏதாவது ஸ்டேஷனுடையதாக இருக்கும். வழி முழுக்க மாற்றிக்கொண்டே போக வேண்டும். டவேராவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அலைவரிசை ஆசான்:
கேட்டவர் ஆளையே காணோம். இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுகிறோம்.

அம்பை டிராவல்ஸ்:
சவாரியில் இருந்தேன், மன்னிக்கவும். பெட்டி ஆசான் சொன்ன கம்பெனிதான். ஆன்டெனா வாங்கவில்லை, அட்வான்ஸும் கொடுக்கவில்லை. பெட்டியை அத்தான் திரும்பப் போகும்போது கொடுத்துவிடுவேன். சார்ஜரைப் பிடுங்கியதும் விசில் நின்றுவிட்டது, வயர்மேன் அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி. ஐசொலேட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆள் வந்துவிட்டார்கள், கிளம்புகிறேன்.

கடையநல்லூர் காதுகள்:
நல்லது அண்ணாச்சி. செட்டில் யுஎஸ்பி இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

தென்காசி சாரல்:
வில்லுப்பாட்டுப் பதிவு வேண்டுமென்றால் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. தென்காசி பக்கம் சவாரி வரும்போது பென் டிரைவோடு வாருங்கள், ஏற்றித் தருகிறேன்.

நெல்லை வானொலி நேயர்:
எனக்கும் ஒரு பிரதி வேண்டும் தம்பி.