காலையில் கீபோர்டு எடுக்கவில்லை, விண்டோஸ் 98 சிஸ்டம், டாஸ் கணக்கு

மலைமிளகு:
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 98 போட்ட பழைய சிஸ்டம். ஆள்கூலி, மிளகு எடை எல்லாம் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் எழுதின ஒரு நிரலில்தான் இருபது வருடத்துக்கு மேலாக ஓடுகிறது, அதை மாற்ற முதலாளிக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. பழைய பி.எஸ்/2 (யுஎஸ்பிக்கு முந்தைய உருண்டை பின்) கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துபோனதால் சேலத்தில் யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கி வந்தேன். அன்றிலிருந்து தொல்லை. சில நாள் காலையில் ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடுகிறது, அழுத்தினால் அசையாது, நம்லாக் விளக்குகூட எரியாது. பழைய கீபோர்டைச் செருகித் தட்டினால்தான் உள்ளே போகிறது. அக்கா மகன் வரும்போது நீலத் திரையில் ஏதோ மாற்றிவிட்டுப் போவான், சில நாள் புதுசு நன்றாக ஓடும், அப்புறம் மறுபடி அதே நிலை. சனிக்கிழமை கூலிக்கு நாற்பது பேர் வாசலில் நிற்கும்போது இப்படி ஆனால் கை நடுங்குகிறது. பனியில் கீபோர்டு கெட்டிருக்குமா?

செவ்வாய்ப்பேட்டை:
ஈரத்தில் பின் களிம்பேறுவது உண்டு, துடைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று, பி.எஸ்/2 கீபோர்டை சிஸ்டம் ஓடும்போது செருகவே செருகாதீர்கள், அதற்காகச் செய்த இணைப்பு அல்ல அது, மதர்போர்டில் அதற்கு 5 வோல்ட் போகும் வழியில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடலாம். பயாஸில், அதாவது ஸ்விட்ச் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் நிரலின் அமைப்புத் திரையில் (அக்கா மகன் மாற்றும் நீலத் திரை அதுவாகத்தான் இருக்கும்), ‘ஹால்ட் ஆன்’ என்பதை ‘ஆல், பட் கீபோர்டு’ என்று வைத்தால் கீபோர்டு இல்லை என்று நிற்காது.

பழையபெட்டி:
நிற்காது, சரி. கீபோர்டு வேலை செய்யுமா? அந்த அமைப்பு பிழைச் செய்தியை மறைக்கும், அவ்வளவுதான். டாஸுக்கு யுஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. பயாஸ்தான் நடுவில் நின்று யுஎஸ்பி கீபோர்டை பி.எஸ்/2 மாதிரி காட்ட வேண்டும், அதற்குத்தான் ‘யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்’ என்ற அமைப்பு. அந்தக் காலத்து போர்டு பலவற்றில் அது ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். உங்கள் அக்கா மகன் அதைத்தான் போட்டுவிட்டுப் போகிறார் என்று நினைக்கிறேன். அது ஏன் அழிகிறது என்பதுதான் கேள்வி. மலைமிளகு சார், இரண்டு விஷயம் சொல்லுங்கள். கீபோர்டு எடுக்காத நாளில் சிஸ்டத்தில் தேதி சரியாக இருக்கிறதா? முந்தின ராத்திரி பிளக்கைப் பிடுங்கினீர்களா?

மலைமிளகு:
இப்போதுதான் போன வாரக் கூலிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், வருடம் 2001 என்று விழுந்திருக்கிறது! பிளக்கும் உண்மைதான். இந்த ஐப்பசியில் சாயங்காலமானால் இடி, மின்னலுக்குப் பயந்து வாட்ச்மேன் அண்ணன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். மழை இல்லாத நாளில் அப்படியே கிடக்கும்.

பழையபெட்டி:
அப்படியானால் கீபோர்டில் குறையே இல்லை, போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக் செருகியிருக்கும்வரை, சிஸ்டம் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், தேதியும் அமைப்புகளும் அதில் பிழைத்துக்கொள்ளும். பிடுங்கினால் பேட்டரி மட்டும்தான். சிஆர்2032 என்று கேளுங்கள், 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்முன் பயாஸ் திரை ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவையுங்கள், ஹார்ட் டிஸ்க் பக்கத்தை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். பழைய பி.எஸ்/2 கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள், அமைப்புக்குள் நுழைய அதுதான் நம்பகமானது.

மலைமிளகு:
மாற்றிவிட்டேன். பழைய பேட்டரியை மீட்டரில் வைத்தால் 2.1 வோல்ட், புதுசு 3.2. பழைய கீபோர்டில் அமைப்பைப் போட்டு, தேதியைத் திருத்தி, வேண்டுமென்றே இரண்டு ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். இன்று காலை நம்லாக் விளக்கு எரிந்தது, கூலிச் சீட்டில் தேதியும் சரி. தப்பான தேதி விழுந்த சீட்டுகளை இனிமேல்தான் தேடித் திருத்த வேண்டும்.