சர்வரில் இன்னும் விண்டோஸ் 2012 ஆர்2 ஓடுகிறது, மாற்றலாமா, அப்படியே விடலாமா?

ராணிப்பேட்டை கணக்கன்

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் கிடையாது, எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் சர்வரும் என் பொறுப்பில் வந்துவிட்டது. 2015-ல் வாங்கிய டவர் மெஷின், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. கணக்கு எழுதுகிற டாலி, எக்ஸ்போர்ட் பேப்பர்கள் இருக்கிற ஷேர் ஃபோல்டர், விரல் ரேகை அட்டெண்டன்ஸ் மூன்றும் அதில்தான். ஆபீஸில் 14 பேர், எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிற டொமைன் உண்டு, அதற்கும் இந்த ஒரே மெஷின்தான்.

முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிக்கணும்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் மெஷின் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. ஆனால் போன மாதம் எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. அதில் ஒரு கேள்வி, உங்கள் சர்வருக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வருகிறதா என்று. ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

இதே மெஷினில் மேலேயே புதுசு ஏற்றிவிடலாமா, புது மெஷின் வாங்க வேண்டுமா, இல்லை இன்னும் ஒரு வருடம் தள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி சர்வீஸ்

சார், மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் இந்த வாரமே கை வைத்துவிடாதீர்கள்.

2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுபோனது. காசு கட்டி வாங்குகிற நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். 2016-க்குப் போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் 2027 ஜனவரி 12-ல் முடிகிறது. 2019-க்கு 2029 ஜனவரி 9, 2022-க்கு 2031 அக்டோபர் 14. உங்கள் நிலைமைக்கு நான் 2022 என்பேன். 2025 வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அதை டொமைன் கன்ட்ரோலராக (லாகின்களைச் சரிபார்க்கிற சர்வர்) சேர்க்க வேண்டுமென்றால் டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (டொமைன் எந்தப் பதிப்பின் வசதிகளோடு ஓடுகிறது என்ற நிலை) 2016 ஆக இருக்க வேண்டும், உங்கள் 2012 ஆர்2 கன்ட்ரோலராக இருக்கிறவரை அந்த லெவலை ஏற்றவே முடியாது.

மேலேயே ஏற்றுவது வேண்டாம். 2012 ஆர்2-லிருந்து 2022-க்கு நேராகப் போகாது, நடுவில் 2016 அல்லது 2019-ல் நின்றுதான் போக வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் சுற்றிய டிஸ்க்கில் இரண்டு தடவை அந்த வேலையைச் செய்து, பாதியில் நின்றால் டாலியும் இல்லை, லாகினும் இல்லை, 14 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புது மெஷினில் 2022 போட்டு, இதே டொமைனில் இரண்டாவது கன்ட்ரோலராகச் சேர்த்து, பழைய கன்ட்ரோலரின் பொறுப்புகளை (ரோல்கள்) அங்கே மாற்றி, ஒரு வாரம் இரண்டையும் ஓடவிடுங்கள். எதுவும் உதைக்கவில்லை என்றால் பழையதை இறக்கலாம். உங்களுக்கு 14 பேர்தான் என்பதால் சின்ன ஆபீஸுக்கான எசென்ஷியல்ஸ் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், மெஷினோடு சேர்ந்து வரும், 25 பேர் வரை தனியாக கேல் (சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கு வாங்குகிற லைசன்ஸ்) வாங்க வேண்டாம். ஸ்டாண்டர்ட் என்றால் பிராசசரில் குறைந்தது 16 கோருக்கு லைசன்ஸ், அது போக ஆளுக்கொரு கேல், 2012-க்கு வாங்கிய பழைய கேல் 2022-க்குச் செல்லாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கீ விற்கிறவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள், நாளைக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனி பில் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

மாட்டிக்கொள்கிற இடம் விண்டோஸ் இல்லை சார், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற சாமான்கள்தான். டாலியைப் பழைய மெஷினில் லைசன்ஸ் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், மறந்துவிட்டு டிஸ்க்கை அழித்தவர்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் எந்த எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) பதிப்பில் ஓடுகிறது என்று பாருங்கள், அந்தக் காலத்தில் போட்டது என்றால் அதன் இலவசப் பதிப்பான 2008 ஆர்2 எக்ஸ்பிரஸாக இருக்கும். விண்டோஸ் சர்வர் 2016-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் இந்த எக்ஸ்பிரஸுக்கு ஆதரவு கிடையாது, டேட்டாபேஸைப் புதிய எக்ஸ்பிரஸுக்கு மாற்ற வேண்டிவரும். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்தால் ஷேர் ஃபோல்டரில் போய் விழுகிற பழைய மெஷின்கள் பல, ஃபைல் பகிர்கிற பழைய முறையான எஸ்.எம்.பி.1 மட்டும்தான் பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான், புதிய சர்வர்களில் எஸ்.எம்.பி.1 தானாக இன்ஸ்டால் ஆகாது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய சர்வரிலேயே எஸ்.எம்.பி.1-ஐ நிறுத்திப் பாருங்கள், எது நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கே இரண்டு வேலை. மெஷின் முன்பக்க மூடியைத் திறந்து டிஸ்க் விளக்குகள் என்ன நிறத்தில் எரிகின்றன என்று பாருங்கள். கடைசி பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள்.

தொரப்பாடி ஆடிட் ஆபீஸ்

காட்பாடிக்காரர் கடைசியாகச் சொன்னதை முதலில் செய்யுங்கள். எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வருகிற வழி) திறந்து வைத்திருந்தோம். செப்டம்பர் மாதம், டாக்ஸ் ஆடிட் தலைக்கு மேல் இருக்கிற நேரம், ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை, எல்லாப் பெயருக்கும் பின்னால் என்னென்னவோ எழுத்து ஒட்டியிருந்தது, அந்தத் திறந்த வழியாகப் புகுந்த வைரஸ் வேலை. பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்க் சர்வரிலேயே எப்போதும் செருகிக் கிடந்ததால் அதுவும் போனது. கிளையண்டுகளுக்குப் போன் போட்டு அவர்களிடமிருந்த டாலி காப்பிகளை வாங்கி, இல்லாதவர்களுக்கு பீரோவிலிருந்து வவுச்சர் கட்டுகளை எடுத்து உட்கார்ந்து அடித்தோம். இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போன நாட்கள் அவை, இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் சொல்கிறேன், புது சர்வர் வாங்கி அதே போர்ட்டைத் திறந்து வைத்தால் பிரயோஜனம் இல்லை. வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுங்கள். மாற்றுகிற தேதியைப் பொறுத்தவரை, மாதா மாதம் 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-1 ரிட்டர்ன், 15-ல் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ரிட்டர்ன். அது முடிந்து வருகிற சனிக்கிழமை மாலை ஆரம்பியுங்கள்.

குடியாத்தம் லினக்ஸ்

ஒரு மாற்று வழி. லுங்கி வியாபாரம் செய்கிற எங்கள் ஆபீஸில் ஃபைல் ஷேருக்கு உபுண்டுவும் (இலவச லினக்ஸ்) சாம்பாவும் (விண்டோஸ் மெஷின்களுக்கு ஃபைல் பகிர்கிற சாஃப்ட்வேர்) தான், நான்கு வருடமாகப் பிரச்சனை இல்லை, லைசன்ஸ் செலவும் இல்லை. உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 வருடம் அப்டேட் வரும். டாலிக்கு மட்டும் ஒரு விண்டோஸ் மெஷின்.

காட்பாடி சர்வீஸ்

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். இவருக்கு லினக்ஸ் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை, டொமைனும் இருக்கிறது. இவர் லீவில் இருக்கிற அன்று ஒன்று நின்றால் யார் பார்ப்பது?

ராணிப்பேட்டை கணக்கன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மூடியைத் திறந்தேன். லெதர் பஃபிங் தூசி ஃபேன் இறக்கைகளில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. இரண்டு டிஸ்க்கில் ஒன்றில் ஆரஞ்சு விளக்கு. எத்தனை மாதமாக ஒரே டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பேக்கப். என் லேப்டாப்பில் போட்டுத் திறந்தேன், டாலி திறந்தது, கம்பெனி வந்தது, கடைசி வவுச்சர் போன வருடம் ஜூன் மாதத்தோடு நிற்கிறது. அப்போது டாலி டேட்டாவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினோம், பேக்கப் இன்னும் பழைய ஃபோல்டரையே தினமும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் முடிந்தது என்றுதான் செய்தி வந்தது.

ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன், ஒன்று இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. காலையில் முதலாளியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து அந்த ஜூன் மாத வவுச்சரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "கொட்டேஷன் வாங்குப்பா" என்றார். எசென்ஷியல்ஸ் 2022-க்கு இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

எஸ்.எம்.பி.1-ஐ இன்று சாப்பாட்டு நேரத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் நின்றது, ஸ்கேனை ஈமெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிவிட்டேன். அட்டெண்டன்ஸ் நீங்கள் சொன்ன 2008 ஆர்2 எக்ஸ்பிரஸேதான். போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை, நாளைக்கு நேரில் போகிறேன்.